கேமராவோடு கியலாமிக்குப் போகலாமா?

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார். "அண்ணா, புதிதாக ஒரு கேமராவும் தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70-300 லென்ஸும் வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் நண்பர்களோடு ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் கியலாமி டிராக்குக்கு ரேஸ் பார்க்கப் போகிறோம். கேமராவை உள்ளே விடுவார்களா? அனுமதிக் கடிதம் வாங்க வேண்டுமா? வேலிக்கு அந்தப் பக்கம் போய் எடுக்க என்ன வழி? எடுத்த படத்தை விற்கலாமா?" மூச்சு விடாமல் நாலு கேள்வி.

சரி தம்பி. டிக்கெட் வாங்கி, பார்வையாளர் பகுதியில் நின்று, உங்களுக்காகப் படம் எடுப்பதற்குப் பெரும்பாலும் யாரும் கடிதம் கேட்பதில்லை. ஆனால் ரேஸ் டிராக் டர்பன் கடற்கரை மாதிரிப் பொது இடம் கிடையாது. கியலாமியை 2014-இல் போர்ஷே சவுத் ஆப்பிரிக்கா ஏலத்தில் எடுத்தது. கேப் டவுனில் கில்லார்னியை ஒரு மோட்டார் கிளப் நடத்துகிறது. "ரைட் ஆஃப் அட்மிஷன் ரிசர்வ்டு" என்று நம் ஊர்க் கடைவாசல்களில் ஒரு பலகை தொங்குமே, யாரும் படிக்காத பலகை, அது இங்கே நிஜமாகவே வேலை செய்யும். உங்களை விடுவதும் கேமராவை விடுவதும் அவர்கள் விருப்பம். சில நிகழ்ச்சிகளில் டிரைபாட் கூடாது, சிலவற்றில் நீளமான லென்ஸ் கூடாது. டிக்கெட் நிபந்தனைகளில் எழுதியிருப்பார்கள். படியுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிராக் ஒருவருடையது, அன்றைய ரேஸ் இன்னொருவருடையது. வார இறுதிக்கு டிராக்கை வாடகைக்கு எடுத்து நடத்துகிறவர் போடும் விதிதான் அன்றைக்குச் செல்லும். அதனால் டிராக் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு நின்றுவிடக் கூடாது, நிகழ்ச்சி நடத்துகிறவரிடமும் கேளுங்கள். நீளமான கடிதம் வேண்டாம். "நான் அமெச்சூர், இன்ன தேதிக்கு டிக்கெட் வைத்திருக்கிறேன், 70-300 லென்ஸ் கொண்டு வருகிறேன், படங்கள் என் சொந்த உபயோகத்துக்கு, தடை ஏதும் உண்டா?" அவ்வளவுதான். பதில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஸ்கிரீன்ஷாட் என்றால், நான் பட்டிருக்கிறேன். எந்த டிராக் என்று சொல்லப் போவதில்லை. போனில் கேட்டேன், "ஓ, தாராளமாக" என்றார்கள். காலை ஏழு மணிக்கு கேட்டில் நின்ற செக்யூரிட்டிக்கு அது எப்படித் தெரியும்? அவர் கையில் இருந்த தாளில் பெரிய லென்ஸ் கூடாது என்று இருந்தது. மனிதர் மேல் தப்பே இல்லை. லென்ஸைக் கார் டிக்கியில் பூட்டிவிட்டு அன்று முழுக்க வெறுங்கையோடு ரேஸ் பார்த்தேன். டர்பனிலிருந்து ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேலிக்கு அந்தப் பக்கம். அங்கே நிற்கும் போட்டோகிராபர்கள் எண் போட்ட ஒரு மேலங்கி மாட்டியிருப்பார்கள், டாபர்ட் என்பார்கள். பத்திரிகைக்கோ, டீமுக்கோ, அந்தத் தொடருக்கோ வேலை செய்கிறவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து, இன்டெம்னிட்டி படிவத்தில் (அடிபட்டால் உங்கள் மேல் வழக்குப் போட மாட்டேன் என்கிற உறுதிமொழி) கையெழுத்துப் போட்டு வாங்குவது அது. நண்பரிடம் ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கி மாட்டிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. மாட்டிக்கொண்டால் உங்களை வெளியே அனுப்புவதோடு முடியாது, நண்பருடைய அனுமதியும் போய்விடும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இதே கியலாமியில் இருக்கிறது. 1977 மார்ச் 5, தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரி, ஃபார்முலா 1 ரேஸ். நேர்ப்பாதை ஓரத்தில் ஒரு கார் நின்று, தீ லேசாகப் பிடித்தது. அணைப்பதற்காக இரண்டு மார்ஷல்கள், அதாவது டிராக் ஓரத்தில் நின்று பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள், டிராக்கைக் குறுக்கே கடந்து ஓடினார்கள். அந்த இடத்தில் அன்றைய பாதை ஒரு மேடு ஏறி இறங்கியது, மேட்டுக்கு அப்பால் வரும் கார் கண்ணுக்குத் தெரியவில்லை. 19 வயது மார்ஷல் ஒருவர் காரில் அடிபட்டு இறந்தார். அவர் கையிலிருந்த தீயணைப்பு உருளை தலையில் பட்டு, காரை ஓட்டி வந்த டாம் பிரைஸும் இறந்தார். வேலையாக இறங்கிய பையனுக்கே அந்தக் கதி. நாம் ஒரு கண்ணைக் கேமராவில் வைத்து இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஆட்கள். டாபர்ட் போட்டவர்களுக்குச் சொல்கிற முதல் பாடமே, வருகிற கார்களுக்கு முதுகைக் காட்டாதே, உட்காராதே, ஓட வழி வைத்துக்கொண்டு நில் என்பதுதான். மார்ஷல் கையசைத்துத் தள்ளிப் போகச் சொன்னால் "ஒரே ஒரு படம்" என்று கெஞ்சாதீர்கள். கொடி பிடித்திருக்கிறவருக்கும் காருக்கும் இடையே பார்வையை மறைத்து நிற்பதும் கூடாது, வேலிக்கு வெளியே நின்றாலும்.

வேலி மேல் ஏறவும் வேண்டாம். ஏறத் தேவையும் இல்லை. லென்ஸைக் கம்பிவலைக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ வையுங்கள், உராயாமல். அப்பர்ச்சரை, லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளையை, முழுசாகத் திறந்து, லென்ஸை 300-க்கு நீட்டி, தூரத்தில் வரும் காரைப் போகஸ் செய்தால் கம்பி கரைந்து காணாமல் போகும். கம்பி மேல் வெயில் அடித்தால் மட்டும் படம் வெளுத்துப் போகும், அப்போது நிழல் விழுந்த கம்பியாகப் பார்த்து இடம் மாறுங்கள். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்தால் சக்கரம் உறைந்து, கார் பார்க்கிங்கில் நிற்பது போல இருக்கும். 1/125-க்கு இறக்கி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக் காரோடு சேர்ந்து போங்கள், இதைத்தான் பேனிங் என்பார்கள். பக்கத்தில் நிற்கிறவர் மேல் இடிக்காத இடமாகப் பார்த்து. புல்மேட்டில் பிராய் போட்டு, கரி அடுப்பில் இறைச்சி சுட்டுக்கொண்டு குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் போய் நாள் முழுக்க நிற்காதீர்கள். "அங்கிள், பத்து நிமிஷம் இங்கே நிற்கலாமா?" என்று கேட்டால் இடமும் கிடைக்கும், சில சமயம் ஒரு துண்டு பூர்வோர்ஸ் சாசேஜும் கிடைக்கும். பிளாஷ் எங்கேயும் வேண்டாம்.

பிட் பக்கம், டீம்கள் காரைப் பழுது பார்க்கும் இடத்துக்கு, மக்களை விடும் நேரம் உண்டு. அங்கே காரை எடுக்கத் தடை இருக்காது, ஆனால் கராஜுக்குள்ளே கேமராவை நீட்டும் முன் யாராவது ஒருவர் கண்ணைப் பார்த்து அனுமதி வாங்குங்கள். மூடி திறந்த இன்ஜின், சஸ்பென்ஷன், லேப்டாப் திரை, இவை டீமின் ரகசியங்கள். அடிபட்ட காரின் ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றி உட்கார்ந்திருக்கும்போது எடுக்காதீர்கள். கோ-கார்ட் ஓட்டும் சிறு பிள்ளைகளை எடுப்பதானால் அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டு.

டிராக் டே வேறு மாதிரி. அது ரேஸ் இல்லை, தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டுகிற நாள். அங்கே நம்பர் பிளேட்டோடு படத்தைப் போட்டுவிட்டால் சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். காரணம் இன்சூரன்ஸ். சாதாரண கார் பாலிசிகள் பலவற்றில் டிராக்கில் ஓட்டுவதற்குக் காப்பீடு கிடையாது. கார் டிராக்கில் ஓடியது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் நினைக்கலாம், மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்றும் நினைக்கலாம். பிளேட்டை மறைத்துப் போடுங்கள், படத்தை நீக்கச் சொன்னால் வாக்குவாதம் இல்லாமல் நீக்கிவிடுங்கள்.

விற்பது. இங்கேதான் அமெச்சூர் என்கிற சலுகை முடிகிறது. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையில் உள்ளே போய்விட்டு, வெளியே வந்து விலை போட்டால் அது ஒப்பந்தத்தை மீறுவது. ஃபார்முலா 1 போன்ற பெரிய தொடர்களின் டிக்கெட்டுகளில் இந்த நிபந்தனை வெளிப்படையாகவே இருக்கும். சின்ன கிளப் ரேஸ்களில் நடத்துகிறவரைக் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். முகம் தெளிவாகத் தெரியும் படமென்றால் போபியா (POPIA) என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். வீட்டு ஆல்பத்துக்கு எடுப்பது அதன் எல்லைக்குள் வராது, வியாபாரம் வேறு.

இன்னொன்று நிறையப் பேருக்குத் தெரியாது. படம் எடுத்தவருக்குத்தான் பதிப்புரிமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் 1978 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் தருகிறேன் என்று சொல்லி எடுக்கச் சொன்ன போட்டோவின் உரிமை, வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாதவரை, அந்தப் பணம் தருகிறவருக்கு. "தம்பி, என் காரை நாலு படம் எடு, ஐந்நூறு ரேண்ட் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், உரிமை யாருக்கு என்பதைக் கேமராவைத் தூக்கும் முன்பே ஒரு வாட்ஸ்அப் செய்தியில் பேசி முடியுங்கள்.

டிரோனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கப் போகிறீர்கள். வேண்டாம். 2015-இல் வந்த விமானப் போக்குவரத்து விதிகள் ஆட்களிடமிருந்து 50 மீட்டர் விலகியிருக்கச் சொல்கின்றன, கியலாமிக்குப் பக்கத்திலேயே கிராண்ட் சென்ட்ரல் விமான நிலையமும் இருக்கிறது.

அடுத்த மாதம்தானே போகிறீர்கள், அதற்குள் நம் பக்கத்திலேயே ஒரு சின்ன கிளப் ரேஸுக்குப் போய்க் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். கூட்டம் குறைவு, கேட்டில் நிற்கிறவர் பேசுவதற்கு நேரம் உள்ளவர். பேனிங்கில் முதல் நாள் இருநூறு படம் எடுத்தால் ஐந்து தேறும். அதில் ஒன்றை எனக்கு அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். நம்பர் பிளேட்டை மறைத்துவிட்டு.