முதல் டர்போ கார்: யாரும் கை வைக்காத வண்டியாகப் பாருங்கள்

(திரையில்: கல்லடிப் பாலத்தைக் கடக்கும் ஒரு பழைய இம்ப்ரெஸா)

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். முதல் தடவையாக ஒரு பழைய ஜப்பான் டர்போ கார் வாங்க நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இந்த வீடியோ. லான்சர் எவோ, இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், சில்வியா, ஸ்டார்லெட் ஜிடி, ஏதோ ஒன்று மனசில் இருக்கும். சூப்ராவையும் ஆர்எக்ஸ்-7 ஐயும் இன்றைக்கு விட்டுவிடுவோம், அவை முதல் டர்போவாக வாங்குகிற வண்டிகள் இல்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கை வைக்காத வண்டியாகத் தேடுங்கள். கம்பனி போட்ட டர்போ, கம்பனி போட்ட எயார் ஃபில்டர் பெட்டி, கம்பனி வைத்த பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தம். பெயின்ட் மங்கியிருக்கட்டும், சீட் கிழிந்திருக்கட்டும், பரவாயில்லை.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். டர்போ செய்கிற வேலையைப் பாருங்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றையும் தாண்டிச் சுற்றும், அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். சரி, காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும். கம்பனி விட்ட அளவில் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் அந்தக் கணக்குக்குத்தான் இருக்கும். இடையில் யாரோ ஒருவர் ஒரு பூஸ்ட் கன்ட்ரோலரைப் போட்டுக் காற்றை மட்டும் கூட்டிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால், சிலிண்டருக்குள் பெற்றோல் போதாது, சூடு ஏறும், ஸ்பார்க் அடித்த பிறகு இன்னும் எரியாமல் மிச்சமிருக்கிற கலவை தானாக வெடிக்கும். அதுதான் நொக்கிங். கொஞ்சக் காலம் வண்டி பறக்கும், ஓட்டுகிறவருக்கும் ஆசையாக இருக்கும். அப்புறம் ஒரு நாள் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துபோகும். அந்த நாள் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் வரும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கார்கள் ஜப்பானின் ஹை-ஒக்டேன் பெற்றோலுக்குச் செய்தவை. ஒக்டேன் எண் கூடக் கூட, பெற்றோல் நொக்கிங்கை அதிகம் தாங்கும். அங்கே அது வழக்கமாக 98 முதல் 100 வரை இருக்கும். நமது பெற்றோல் செட்களில் வழக்கமாகக் கிடைப்பது 92 உம் 95 உம். ஆக, பூஸ்டைத் தொடாத வண்டிக்கே நாம் ஊற்றுகிற பெற்றோல் ஒரு படி குறைவு. 95 க்குக் குறைந்தது எதுவும் ஊற்றக்கூடாது. பூஸ்டைக் கூட்டிய வண்டிக்கு மிச்சமிருந்த இடைவெளியும் போய்விட்டது என்று அர்த்தம். விளம்பரத்தில் 'ஸ்டேஜ் டூ, 300 குதிரை' என்று, அதாவது சாமான் மாற்றி வலுவைக் கூட்டிய வண்டி என்று இருந்தால் யார் ட்யூன் செய்தது, எந்தப் பெற்றோலில் செய்தது, அதற்குப் பேப்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் மட்டும் போய்ப் பாருங்கள்.

புதிதாக இறக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது உண்மைதான், ஆனால் வயதுக் கட்டுப்பாடு இருப்பதால் இருபது முப்பது வருடக் காரைக் கொண்டுவர வழியில்லை. நாட்டுக்குள் ஏற்கெனவே பதிவான வண்டிகளுக்குள்தான் தேட வேண்டும்.

(திரையில்: பயர்வாலில், எஞ்சினுக்கும் கெபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில், அடித்திருக்கும் செஸி இலக்கம், நெருக்கமாக)

அதனால் வேஷம் போட்ட வண்டிகளும் நிறைய. சாதாரண லான்சருக்கு எவோ பம்பரும் பின் இறக்கையும் போட்டு விற்பார்கள். செஸி இலக்கத்தின் முதல் எழுத்துகளைப் படியுங்கள். எவோ நான்கு என்றால் சிஎன்9ஏ, ஐந்தும் ஆறும் சிபி9ஏ, ஏழிலிருந்து ஒன்பது வரை சிடி9ஏ. சிகே2ஏ என்று இருந்தால் அது 1.5 லீற்றர் லான்சர், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஸ்டார்லெட்டில் இந்த வழி உதவாது, டர்போ ஜிடியும் சாதாரண மொடலும் இரண்டுமே ஈபி82 தான். அங்கே எஞ்சின் 4ஈ-எஃப்டிஈ ஆக இருக்க வேண்டும், அந்த எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்திலும் இருக்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுப் புத்தகத்தில் ஒரு எஞ்சின், பொனட்டுக்குக் கீழே வேறொரு எஞ்சின் என்றால், அதைச் சரிப்படுத்துவது விற்பவரின் வேலை. விலை பேசுவதற்கு முன்பே அதை முடித்துத் தரச் சொல்லுங்கள். பிறகு பெயர் மாற்றப் போகும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். லீசிங் பாக்கி இருக்கிறதா என்பதையும் அதே புத்தகத்தில் பாருங்கள்.

இனி வண்டி பார்க்கப் போகிற நாள். காலையிலேயே போங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், யாரோ முன்பே ஓடவிட்டு முதல் புகையைத் தீர்த்துவிட்டார்கள். ஒன்றில் ஆறும்வரை இருங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெற்றோல் அளவுக்கு மீறிப் போகிறது. வெள்ளைப் புகை வந்து நிற்காமல் போய்க்கொண்டிருந்தால், கொஞ்சம் இனிப்பு வாசமும் அடித்தால், கூலன்ட் உள்ளே போகிறது, பெரும்பாலும் எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். 'காலைக் குளிர், அதுதான் புகைகிறது' என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். நுவரெலியாவில் சொல்லலாம், மட்டக்களப்பு வெயிலில் அந்தக் கதை எடுபடாது.

அப்புறம் டர்போ. எஞ்சின் நின்று ஆறியிருக்கும்போது காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே தெரியும் சின்ன நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு துளி அசைவு இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் அசைவது கைக்குத் தெரிந்தாலோ, சக்கரத்தின் இறக்கை டர்போவின் வெளி ஓட்டில் உரசிய தடம் இருந்தாலோ அந்த டர்போ முடிந்துவிட்டது, அந்தக் காசை விலையில் கழிக்க வேண்டும்.

கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று அளப்பது, கட்டாயம். இம்ப்ரெஸாவில் எஞ்சின் படுத்திருப்பதால் பிளக் கழற்றுவது பெரிய வேலை, மெக்கானிக் தட்டிக்கழிக்கப் பார்ப்பார். அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துச் செய்விக்கச் சொல்லுங்கள், இந்த முழு வேலையிலும் அதைவிடப் பிரயோசனமான செலவு வேறில்லை. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். மூன்று நன்றாக இருந்து ஒன்று விழுந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

நம்ம பக்கத்துக்காரர் கூடுதலாகப் பார்க்க வேண்டியது தண்ணீர். 2011 ஜனவரி வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை, அதற்குப் பிறகும் மாரி வந்தால் தாழ்ந்த வளவுகளில் முழங்கால் தண்ணீர். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் ஓடுகிற தண்டவாளத்தின் துருவைப் பாருங்கள். பழைய இம்ப்ரெஸாவில் கம்ப்யூட்டர் இருப்பதே முன் பயணியின் காலடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே. தண்ணீர் முதலில் போகிற இடமே அதுதான், அந்தக் கார்ப்பெட்டைத் தூக்காமல் காசு கொடுக்காதீர்கள். கல்லடி, பாசிக்குடா மாதிரிக் கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் ரேம்பில் ஏற்றி அடிப்பக்கத்தையும் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது வேகம் தேவையில்லை. செங்கலடிப் பக்கம் வீதி வெறிச்சோடிய இடத்தில் இரண்டாம் கியரில் 2,000 இலிருந்து 5,000 சுற்றுவரை ஒரே சீராக மிதியுங்கள், பெரும்பாலும் 70 க்குள்ளேயே முடிந்துவிடும். பூஸ்ட் தடங்கல் இல்லாமல் ஏற வேண்டும். இடையில் விக்கினால், காற்று சீறினால், எங்கோ குழாய் கழன்றிருக்கிறது அல்லது பெற்றோல் போதவில்லை.

முதல் வண்டியாக என்னிடம் கேட்டால் ஸ்டார்லெட் ஜிடியைத்தான் சொல்வேன். 1.3 லீற்றரில் 135 குதிரை, எடையும் குறைவு, நம்ம வீதிகளுக்கு அது தாராளம். எஞ்சினும் சின்னது, எந்தக் கராஜிலும் பயமில்லாமல் கழற்றுவார்கள். எவோவுக்கும் இம்ப்ரெஸாவுக்கும் ஒரு சாமான் தேவைப்பட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குத்தான் ஓட வேண்டும், இங்கிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல்.

கையிலுள்ள காசு முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது வைத்திருங்கள். வாங்கிய வாரமே ஒயிலும் ஃபில்டரும் மாற்றி, அதற்குப் பிறகு 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை தவறாமல் மாற்றுங்கள். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், கடலோர உவர் தண்ணீர் உள்ளே துருவை ஏற்றிவிடும், கூலன்ட் மட்டும். எவோ ஒன்பது வரைக்கும், பழைய இம்ப்ரெஸாவுக்கும் எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்துக்கு இயக்குவது டைமிங் பெல்ட்தான். எப்போது மாற்றியது என்று பில் காட்டாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு வண்டியை வீதிக்கு எடுங்கள்.