வீட்டிலா, சானடோரியத்திலா? சென்னையில் கேட்ட ஒரு கேள்வி

[காட்சி: மின்சார ரயிலின் ஜன்னல் வழியே நகரும் பெயர்ப்பலகை]

கடற்கரையிலிருந்து போகும்போது தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் 'தாம்பரம் சானடோரியம்' வரும். தினமும் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு அது வெறும் ஸ்டேஷன் பெயர். ஒரு காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் அப்படிப்பட்ட இடம்தான்: ஊருக்கு வெளியே நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை.

1950களில் மருந்து வந்துவிட்டது. படுக்கைதான் இல்லை. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில். காசநோய்ப் படுக்கைகளோ சில பத்தாயிரம். அப்படியானால் மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிடலாமா?

டாக்டர்களுக்குப் பயம் இருந்தது. நியாயமான பயம். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கிற வீடு. இருமுகிறவர் பக்கத்திலேயே குழந்தை. அரை வயிற்றுச் சாப்பாடு. கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிட மாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கின. தலைமை டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான்.

[காட்சி: இரண்டு வரிசைகளாகப் பிரியும் மனித உருவங்கள்]

முதல் ஆய்வில் 193 நோயாளிகள், எல்லோரும் சென்னையின் ஏழைக் குடும்பங்கள். பாதிப் பேருக்கு வீட்டில் சிகிச்சை, பாதிப் பேருக்கு சானடோரியத்தில். மருந்து இரு பக்கமும் ஒன்றுதான்: ஐசோனியாசிட், அதோடு பி.ஏ.எஸ். ஓர் ஆண்டு.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். யாரை எங்கே அனுப்புவது என்பதை டாக்டரிடம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரொம்ப முடியாதவரைப் பார்த்ததும் மனசு கேட்காமல் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். ஓரளவு தெம்பாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்கள் நன்றாகத் தேறியிருப்பார்கள். ஆனால் அது வீட்டால் வந்த குணமா, முதலிலேயே நோய் லேசாக இருந்ததாலா? யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் குலுக்கல். சீட்டு எடுப்பதுபோல, தற்செயலாகப் பிரித்தார்கள். டாக்டரின் இரக்கம்கூட முடிவைச் சாய்த்துவிடக் கூடாது. இந்த எளிய நேர்மைதான் மருத்துவ ஆய்வின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், மாத்திரை உண்மையிலேயே வயிற்றுக்குள் போகிறதா? முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று வீட்டுக்குப் போவார்கள். மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கிவந்து, அதில் மருந்து தெரிகிறதா என்று சோதிப்பார்கள். விழுங்காத மருந்தை வைத்து அந்த மருந்து நல்லதா கெட்டதா என்று பேச முடியாதே.

[காட்சி: திரையில் 86, 92]

1959-இல் முடிவு வெளியானது. ஆண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள்: வீட்டில் 100க்கு 86 பேர், சானடோரியத்தில் 92 பேர். இவ்வளவு சின்னக் குழுவில் 6 பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் அதிகம் கூடினார்கள். ஆனாலும் மருந்து செய்த வேலை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே.

சரி, குழந்தைகள்? வீட்டில் உள்ள மற்றவர்களை 5 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்த்த குடும்பங்களில் நோய் அதிகமாக வரவில்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. மருந்து தொடங்கிய பிறகு பரவும் ஆபத்து வேகமாகக் குறைந்துவிடுகிறது. 1962-இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது.

'அப்படியென்றால் சாப்பாடு முக்கியமில்லை' என்று இதைப் புரிந்துகொண்டவர்களும் உண்டு. அது தப்பு. மருந்து சாப்பிடுபவர் குணமாவாரா என்பதுதான் அன்றைய கேள்வி. பக்கத்தில் இருப்பவருக்கு நோய் வராமல் சோறு தடுக்குமா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில் நோயாளிகளின் வீட்டில் இருந்த 10,345 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பை. ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள்: ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம்பருப்பு, கூடவே வைட்டமின் மாத்திரை. அந்த வீடுகளில் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஊசி இல்லை, புது மருந்து இல்லை. அரிசியும் பருப்பும்தான்.

[காட்சி: ஆரம்ப சுகாதார நிலையம், எடை பார்க்கும் கருவி]

படுக்கை யாருக்கு என்ற பழைய கேள்வி 2022-இல் தமிழ்நாட்டில் திரும்பவும் வந்தது. காசநோய் இறப்பில்லாத் திட்டம். பெரும்பாலானவர்களுக்கு வீடு போதும். ஆனால் சிலர் சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இறந்துவிடுகிறார்கள். அவர்களை முதலிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? எக்ஸ்ரேகூட வேண்டாம். நோய் உறுதியானதுமே எடை, உயரம் பார்க்கிறார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மூச்சை எண்ணுகிறார்கள், விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டுகிறார்கள். அப்புறம் நர்ஸ் சொல்கிறார்: "எதையும் பிடிக்காம எழுந்து நில்லுங்க, அய்யா."

நிற்க முடியவில்லை என்றால், அவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏற்பாடு செய்கிறார்கள்.