அம்மா போன் எடுக்கேல்லை எண்டா ஆருக்கு அடிப்பியள்?

நடுவர் ஐயா, சபையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். குடும்பத்தைத் தாங்கிறது பறந்து வாற அம்மம்மாவோ, நாளாந்தம் பக்கத்தில நிக்கிற சிநேகிதமோ எண்டு கேட்டிருக்கிறியள், நான் சிநேகிதத்தின்ர பக்கம்.

எதிரணித் தம்பி நல்லாத்தான் கதைச்சார். கனடாவில, ஸ்காபரோவில அம்மம்மா வந்திறங்கினாப் பேரப்பிள்ளையள் கையில கிடக்கிற ஐபாட்டையும் எறிஞ்சுபோட்டு ஓடிவருங்களாம், பெட்டி திறந்த உடன வீடெல்லாம் யாழ்ப்பாணம் மணக்குமாம். நீங்களும் கைதட்டினியள், நானும் தட்டினன். ஆனா தம்பி, அந்தப் பெட்டியை வடிவாத் திறந்து பாப்பம் வாரும். உள்ளுக்கு என்ன, மிளகாய்த்தூள். மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் வேற வேறையா வறுத்து, செத்தல் வறுக்கேக்க தும்மித் தும்மி கண்ணால தண்ணி ஓட அடுப்படியில நிண்டது ஆர்? அம்மம்மாக்கு முழங்கால் ஏலாது, நிண்டது பக்கத்து வீட்டுச் சிநேகிதி. மில்லுக்குச் சைக்கிளில கட்டிக்கொண்டு போனது அவவின்ர மேன். மணம் கனடாவில, தும்மல் இஞ்சை! அம்மம்மா பிளேன் ஏறினாப் பிறகு படலைத் திறப்பு ஆரிட்டக் கிடக்கு, சாமியறையில விளக்கு வைக்கிறது ஆர், அந்த நாய்க்குச் சோறு போடுறது ஆர் எண்டு நான் கேக்கத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

சரி, அங்கால போவம். மேளும் மருமோனும் ஷிப்ட் மாறி மாறி வேலை, அம்மம்மா வரமுதல் பின்னேரம் பள்ளிக்கூடத்தால பிள்ளையளை ஏத்தினது மேளோட வேலை செய்யிற பிள்ளை, அம்மம்மா திரும்பிப் போனாப் பிறகும் ஏத்தப்போறது அதே பிள்ளைதான். இல்லையில்லை, தாய் தேப்பன், அம்மம்மா அப்பப்பாவைக் கூப்பிடக் கனடா குடுக்கிற சூப்பர் விசா இருக்கு, 2022க்குப் பிறகு ஒரே தரத்தில 5 வருசம் நிக்கலாம் எண்டார் தம்பி. நிக்கலாம், விசா விடும். அம்மம்மா நிப்பாவோ? எல்லாரும் வேலைக்குப் போனாப் பிறகு யன்னலுக்கால ஸ்னோவைப் பாத்துக்கொண்டு வைபரில ஆரோட கதைக்கிறா? இஞ்ச வேலிக்கு மற்றப் பக்கம் இருக்கிற சிநேகிதியோட! முருக்கங்காய் காய்ச்சிட்டுதோ, கிளினிக்குக்கு ஆர் வந்தது, கோயில் கொடியேறிட்டுதோ... மேள் பக்கத்தில இருந்தும் கதை முழுக்க இஞ்சதான்.

இன்னொண்டு. 2022இல இலங்கையில பொருளாதார நெருக்கடி வரேக்க வெளிநாட்டுக் காசு வந்தது, சமைக்கிற காஸ் வரேல்லை. பிள்ளையள் பாவம், அனுப்பேலுமான அளவு அனுப்பினதுகள், காசைக் குடுத்து வாங்கச் சாமான் இருந்தால்தானே. விடிய வெள்ளன மண்ணெண்ணெய் வரிசையில தன்ர கானுக்குப் பக்கத்தில கிழவியின்ர கானையும் வைச்சு, வெயிலுக்குள்ள மத்தியானம் மட்டும் நிண்டு, ரெண்டையும் காவிக்கொண்டு வந்து குசினியில வைச்சிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனது எந்தச் சொந்தம்? அயல்தானே.

பாசம் குறைவெண்டு நான் சொல்லவரேல்லை ஐயா, என்ர அம்மம்மா கேட்டா அடிப்பா. அந்தப் பாசம் ரிக்கற் போட்டு வந்து ரிக்கற் போட்டுத் திரும்பிப் போகுது, அவ்வளவுதான்.

மணி அடிக்கிறியள், இந்தா முடிக்கிறன். அடுத்ததாக் கதைக்கவாற எதிரணி அக்கா இதுக்கு மட்டும் மறுமொழி சொல்லட்டும்: வெளிநாட்டில இருக்கிற பிள்ளை மூண்டு தரம் அடிச்சும் அம்மா போன் எடுக்கேல்லை எண்டா, நாலாவதா ஆற்ற நம்பருக்கு அடிக்கும்?