சின்ன டோர்னமென்ட் போட்டு சர்வர்ல ஆள் சேக்குறது எப்படி? | கோத்தகிரி கேமிங் வ்லாக்

வணக்கம் மக்களே, கோத்தகிரில இருந்து பேசுறேன், வெளிய செம காத்து, மைக்ல சத்தம் வந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. நிறைய பேர் கேக்குறது என்னன்னா, ப்ரோ டிஸ்கார்ட் சர்வர் (கேம் ஆடுறவங்க சேந்து சாட் பண்ற, பேசுற ஆப்ல நம்ம குரூப்) ஆரம்பிச்சோம் ஈ காக்கா இல்ல, ஒரு பிஜிஎம்ஐ, அதான் மொபைல் பப்ஜி, டோர்னமென்ட் போட்டா ஆள் வருமான்னு. வரும். கும்பலா வரும். ப்ரைஸ் காசு ஜிபேல விழுந்த அடுத்த நிமிஷமே சர்வர விட்டு கெளம்பிரும். கூட்டம் கூட்டுறது ஈஸிங்க, உக்கார வைக்கிறதுல தான் இருக்கு எல்லாம்.

அதனால தான் சின்னதா போடுங்கன்றேன். எரங்கல்னு பெரிய மேப்ல 100 பேர், நாலு நாலு பேரா 25 ஸ்குவாட், அத ரொப்புறதுக்குள்ள நாக்கு தள்ளிரும், பாதி டீம் யாருன்னே தெரியாது. லிவிக்னு சின்ன மேப் இருக்கு, அத போடுங்க. 52 பேர் தான், 13 ஸ்குவாட், கால் மணி நேரத்துல ஒரு மேட்ச் ஓவர். நம்ம மலைல கரன்ட்டும் சிக்னலும் எப்ப போகும்னு யாருக்கு தெரியும், ஜூன் ஜூலைல கூடலூர் பந்தலூர் பக்கம் மரம் விழுந்தா அன்னிக்கு அவ்ளோ தான், அதுக்கு சின்ன மேப் தான் லாயக்கு.

அடுத்து, ஒரே நாள்ல முடிக்காதீங்க. வாரா வாரம் சனிக்கிழமை, பாயின்ட் சேந்துட்டே வரணும். சிக்கன் டின்னருக்கு, அதான் கடைசி வரைக்கும் நின்னு ஜெயிச்ச டீமுக்கு, 10, ரெண்டாவதுக்கு 6, அப்புறம் 5, 4ன்னு எறங்கும், கில்லுக்கு ஒன்னு. பெரிய டோர்னமென்ட்ல போடுற அதே கணக்கு தான். டேபிள சர்வர்ல மட்டும் போடுங்க, வாட்ஸப்புக்கு அனுப்பவே அனுப்பாதீங்க, பாக்கணும்னா உள்ள வரட்டும். வந்தவன் சும்மா போவானா, "அந்த கில் எங்களோடது"ன்னு ஒரு சண்ட, அதுக்கு ஸ்க்ரீன்ஷாட், அதுக்கு பத்து ரிப்ளை, சர்வர் களகட்டிரும்.

என்னைய கேட்டா இதவிட முக்கியம் டீம் பேரு. டெவில், ஸ்னைப்பர்னு வைக்காம அரவேணு, கட்டபெட்டு, எடப்பள்ளின்னு ஊர் பேர்ல வைக்க சொல்லுங்க. வெளையாடாத பசங்க கூட ஸ்ட்ரீமுக்கு வந்து நம்மூரு எங்க நம்மூரு எங்கன்னு கேப்பாங்க. ஊர் ஃபுட்பால் மேட்ச்க்கு வர்ற அதே வெறி தாங்க இது! அப்புறம் டீம் இல்லாதவனுக்குன்னு சர்வருக்குள்ள தனி சேனல் ஒன்னு வைங்க. மஞ்சூர்ல தனியா ஆடுற பையன குன்னூர்ல மூனு பேரா நிக்கிற டீமோட கோத்து விடுங்க. ப்ராக்டிஸ்க்கு வாய்ஸ் சேனல்ல தான பேசணும், பேசி பழகிட்டா மேட்ச் இல்லாத நாள்லயும் வந்து ஒக்காந்துருப்பான்.

காசு விஷயம். என்ட்ரி ஃபீஸ் வாங்கி அதையே ப்ரைஸா குடுக்குற வேலையே வேணாம். 2025 ஆகஸ்ட்ல வந்த சென்ட்ரல் சட்டத்துல பணம் கட்டி பணம் ஜெயிக்கிற ஆன்லைன் கேம் மொத்தமா தடை, இ-ஸ்போர்ட்ஸ தனியா ஏத்துக்கிட்டாங்க தான், ஆனா அந்த கோட்டுல போய் நாம ஏன் நிக்கணும்? ஃப்ரீயா விடுங்க. ஜெயிச்ச டீமுக்கு சர்வர்ல பேர கலர்ல காட்டுற ஒரு ரோல், ஒரு கிலோ வர்க்கி, போதும். வர்க்கிக்கு அடிச்சுக்கிறானுங்க தெரியுமா.

ஸ்ட்ரீம் போட்டா கொஞ்சம் டிலே வைங்க, இல்லன்னா எவனாச்சும் பாத்துட்டே எதிரி எங்க இருக்கான்னு சொல்லி குடுத்துருவான். மேட்ச்சுக்குள்ள நொழையுற ரூம் ஐடி பாஸ்வேர்டு, மேட்ச்சுக்கு பத்து நிமிஷம் முன்னாடி சர்வர்ல மட்டும் போடுங்க. டிஎம்ல வந்து "ப்ரோ ஐடி ப்ரோ"ன்னு கெஞ்சுவாங்க, குடுக்காதீங்க.