ஆழம் பார்க்கும் கம்பு: தொழில் வழிகாட்டல் நாளில் பேசியது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருக்கும் பிரதிக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, ஆலய வண்ணக்கர்மாரே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஹாஜியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, அதிபர்மாரே, ஆசிரியர்களே, பழைய மாணவர் சங்கத்துப் பிள்ளைகளே, பந்தலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாமாரே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒரு விழாவில் கிராம சேவகரை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். ஆகவே கிராம சேவகர் அவர்களே, உங்களுக்குத் தனியாக இன்னொரு வணக்கம்.

பொன்னாடை போர்த்திய பழைய மாணவர் சங்கத் தலைவருக்கு நன்றி. இந்த வெயிலில் அதைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறேன், மரியாதைக் குறைவு என்று நினைக்கவேண்டாம்.

எனக்குத் தந்த தலைப்பு, இடைநிலை மாணவருக்குத் தொழில் வழிகாட்டலைத் திட்டமிடல். மூன்று விடயம் பேச வந்தேன். முதலாவது, எந்தத் தரத்தில் தொடங்குவது. இரண்டாவது, பெற்றோரை எப்படிச் சேர்ப்பது. மூன்றாவது, ஊரில் இருக்கிற தொழில்காரரை எப்படிப் பாடசாலைக்குள் கொண்டுவருவது. தலைவர் 20 நிமிடம் தந்திருக்கிறார். பார்ப்போம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கரைப் பிள்ளைகள், எங்களுக்கு இது வெறும் பழமொழி இல்லை. என் அப்பா தோணியில் போகும்போது பழகிய இடத்திலும் ஒருமுறை கம்பை ஊன்றிப் பார்த்த பிறகுதான் இறங்குவார். மாரியில் சேறு இடம் மாறியிருக்கும், நேற்றைய ஆழம் இன்றைக்கு இருக்காது என்பார். தொழில் வழிகாட்டல் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால், அந்தக் கம்புதான் என்பேன்.

நாங்கள் கம்பை எப்போது கொடுக்கிறோம்? பிள்ளை கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது. தரம் 11இல் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த பிறகு ஒரு கருத்தரங்கு, ஒரு பதாகை, ஒரு பிஸ்கட் பக்கற். ஆனால் முதல் தெரிவு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சாதாரண தரத்துக்கு ஆறு கட்டாயப் பாடம். மிச்சம் மூன்றையும் விருப்பப் பாடத் தொகுதிகளிலிருந்து பிள்ளை தரம் 10க்குப் போகும்போதே எடுத்துவிடுகிறது. ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டால், "கூட்டாளி எடுத்தான், நானும் எடுத்தேன்." பிறகு உயர்தரம். கலை, வர்த்தகம், உயிரியல், கணிதம் என்று இருந்த வரிசையில் 2013இல் தொழில்நுட்பத் துறையும் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் அதைப் படிப்பிக்கிற பாடசாலை எது என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? கை உயர்த்துங்கள் என்று சொல்லமாட்டேன், சபையைச் சங்கடப்படுத்தக்கூடாது. ஆகவே தரம் 9இல் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளை, நேரசூசியில் எழுதிய பாடவேளை. ஆசிரியர் வராத நாளில் ஓட்டை அடைக்கிற பாடவேளையாக அது இருக்கக்கூடாது.

அமெரிக்காவில் பொஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்ற மனிதர் 1908இலேயே இதற்கென்று ஓர் அலுவலகம் திறந்தார். அவர் சொன்னது சின்ன விடயம்: உன்னை அறி, தொழிலை அறி, இரண்டையும் பொருத்திப் பார். எங்கள் பழமொழியும் அதுதானே? தண்ணீரின் ஆழமும் தெரியவேண்டும், காலின் நீளமும் தெரியவேண்டும். இங்கிலாந்தில் 2014இல் கட்ஸ்பி அறக்கட்டளைக்காக சேர் ஜோன் ஹோல்மன் நல்ல தொழில் வழிகாட்டலுக்கு எட்டு அளவுகோல்கள் வகுத்தார். எட்டையும் சொல்லி உங்களைத் தூங்கவைக்கமாட்டேன். எனக்குப் பிடித்தது இரண்டு. ஒவ்வொரு பிள்ளையும் 16 வயதுக்குள் ஒரு தடவையாவது பயிற்சி பெற்ற ஆலோசகரோடு தனியாக இருந்து பேசியிருக்கவேண்டும். அதே வயதுக்குள் ஒரு வேலைத்தளத்தையாவது நேரில் அனுபவித்திருக்கவேண்டும். நேரில் என்றால் நேரில்தான், புரொஜெக்டரில் அல்ல.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். பிள்ளைகளே, இது உங்கள் ஆசிரியரின் குற்றக்கதை, கவனமாகக் கேளுங்கள்.

2010. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பாடசாலை, நான் அங்கே படிப்பித்தேன். இல்ல விளையாட்டுப் போட்டி. பிரதம அதிதி மைக்கைப் பிடித்து, "இந்த மண்ணின் மைந்தர்களே" என்றார். அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் கயிற்றை இழுக்கிறார், இழுக்கிறார், வேட்டி அவிழ்கிற வரைக்கும் இழுக்கிறார். அது இருமுகிறதே தவிர எழும்பவில்லை. அதிதி கையில் செத்த மைக்கோடு நிற்கிறார். எங்கள் அதிபர் என்னைப் பார்க்கிறார், நான் வானத்தைப் பார்க்கிறேன். அப்போது அணிநடை உடுப்போடு ஒரு பத்தாம் தரப் பொடியன் ஓடி வந்தான். ஜெனரேட்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். ஒரு பெரியவரின் மடியிலிருந்து தீப்பெட்டியை வாங்கி, அதன் உரசுகிற பக்கத்தில் பிளக் முனையைத் தேய்த்து, ஊதி, திரும்பப் பூட்டி ஒரு இழுவை. "மைந்தர்களே" என்று அதிதி விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்! பிறகு அவர் முக்கால் மணி நேரம் பேசினார். ஏன்டா தம்பி அதைத் திருத்தினாய் என்று ஆசிரியர்கள் எல்லாரும் அவனை ஏசினோம்.

சரி, அந்தப் பொடியனுக்கு நான் என்ன வழிகாட்டினேன்? எங்கள் பாடசாலையில் உயர்தரத்தில் கலைப்பிரிவு மட்டும்தான். "தமிழ், இந்து நாகரிகம், புவியியல் எடு தம்பி" என்றேன். எடுத்தான். மூன்று 'எஸ்' வந்தது, மட்டுமட்டான சித்தி. அக்காவின் கலியாணத்துக்கு வீடு கட்டவேண்டும், எங்கள் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டாருக்குப் போனான், மண் சுமக்க. அங்கே ஒரு கேரளக்காரரின் கீழ் நின்று ஏசி திருத்தப் பழகி, ஏழு வருடத்துக்குப் பிறகு வந்தான். போன வைகாசியில் எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் பழுதாகிவிட்டது. யாரோ சொல்லி ஆளைக் கூப்பிட்டால், வந்து நிற்பது அவன். வேலை முடிந்தது. காசை நீட்டினேன், வாங்கவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னான்: "சேர், டெக்னிக்கல் கொலிச் எண்டு ஒண்டு டவுனுக்க இரிக்கெண்டு அண்டைக்கு ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல."

எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. ஆழம் பார்க்கிற கம்பு என் கையில் இருந்தது, நான் ஊன்றவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பிறகு அவனே சமாதானம் சொன்னான்: "சொல்லியிருந்தாலும் போயிருக்க ஏலாது சேர். பொழுதுபட்டா மண்முனையில பாதை ஓடாது. நான் எப்பிடி வீட்ட வாற?"

பாதை என்று அவன் சொன்னது, மண்முனையில் வாவியைக் கடக்க இருந்த படகு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

டெக்னிக்கல் கொலிச் என்றதும் முகம் சுளிக்கிற அம்மாமார் இங்கே இருக்கிறார்கள், நான் மேடையிலிருந்து பார்த்தேன். காரைதீவில் 1892இல் பிறந்த எங்கள் விபுலாநந்த அடிகள் எங்கே படித்தார்? கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில்தான் 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். அழிந்துபோன யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டு மீட்க அந்தப் படிப்புத்தானே துணை நின்றது? இனிமேல் யாராவது "டெக்னிக்கல்தானே" என்று இழுத்தால், அடிகளாரின் படத்தைக் காட்டுங்கள்.

இன்றைக்குத் தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டம் இருக்கிறது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். என் பிரிட்ஜ் தம்பி போல வேலை தெரிந்து கடதாசி இல்லாதவருக்கும், தெரிந்த வேலையைச் சோதித்துத் தகைமை கொடுக்கிற வழி இருக்கிறது. அவனுக்கு அதைச் சொன்னேன், விண்ணப்பமும் போட்டுவிட்டான். 15 வருடம் பிந்திய வழிகாட்டல்.

இரண்டாவது விடயம், பெற்றோர். அரசாங்க உத்தியோகம் என்ற ஒரே துறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் பட்டதாரிப் பிள்ளைகள் வேலை கேட்டு இருந்ததை மறந்துவிட்டோமா? அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அவர்களுக்குச் சொல்லவேண்டிய நாங்கள், குதி குதி என்று கரையில் நின்று கைதட்டினோம். இதைப்பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது, ஆனால் தலைவர் துண்டு அனுப்பிவிட்டார். "5 நிமிடம்" என்று எழுதி இரண்டு கோடும் போட்டிருக்கிறார்.

ஆகவே பஸ்சுக்கு வருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள். பாதைக்குக் காத்துக் கிடந்த காலம் போனது, பெரிய காரியம்தான். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் மாலை ஐந்தரைக்குப் பிறகு பஸ் இல்லை. பயிற்சி வகுப்பு நாலரைக்கு முடியும். வேலைத்தளப் பயிற்சி என்றால் ஆறு மணியும் ஆகும். ஆண்பிள்ளை யாரையாவது மறித்து மோட்டார் சைக்கிளில் ஏறி வருவான். பெண்பிள்ளை? முதல் மாதம் அப்பா போய்க் கூட்டிவருவார். வேளாண்மை வெட்டுத் தொடங்கினால் அவருக்கும் நேரமில்லை, அதோடு படிப்பு நின்றுவிடும். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டவன், அதனால்தான் சொல்கிறேன். தரம் 9 பாடவேளை, ஆலோசகர், அளவுகோல், எல்லாம் போட்டுவிட்டு ஆறரை மணி பஸ் ஒன்றைப் போடாவிட்டால், பிள்ளைக்கு நாங்கள் கொடுப்பது வரைபடம் மட்டும்தான். உரிய இடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதலாவதுக்குப் பதில் வந்தது, கடிதம் கிடைத்தது என்று.

பிரதேச செயலாளர் அம்மா, நீங்கள் இடையில் எழும்பிப் போகவேண்டும் என்று சொன்னீர்கள், இன்னும் இருக்கிறீர்கள், நன்றி. போகிறபோது வாசலில் தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் ஒரு மனு இருக்கிறது. ஏழு நாளும் வேண்டாம், திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ஆறரைக்கு ஒரு பஸ், அவ்வளவுதான் அதில் கேட்டிருக்கிறோம். மூன்றாவது விடயத்தை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். அதற்கு என் பிரிட்ஜ் தம்பியையே கூட்டிவருவேன், அவன் பேசட்டும். மனுவுக்குப் பக்கத்தில் கிராம சேவகர் பேனாவோடு நிற்பார். அவரிடம் இப்போதுதான் சொல்கிறேன், தயவுசெய்து மறுக்கவேண்டாம். வணக்கம்.