கூவத்துக்கு வடக்கே ஓர் அறை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, திருவொற்றியூர்த் தேரடியில் இந்த மாலையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

முதன்முறையாகச் சென்னைக்கு வருகிறவர் தங்குவதற்கு ஏற்றது வடசென்னையா, தென்சென்னையா என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் தென்சென்னைக்காக மூன்று காரணங்களை அடுக்கினார். தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன, ஆகவே அந்தப் பக்கமே தங்கிவிடுவது அறிவுடைமை என்றார். பெரிய கடைவீதியும் மெரினாவும் தெற்கே இருக்கின்றன என்றார். மூன்றாவதாக, குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, குடும்பத்தோடு வருகிறவர்களை வடசென்னையில் தங்க வைக்க மனம் வருமா என்று கேட்டார். வடசென்னையில் போட்ட மேடையில் நின்று, வடசென்னைக்காரர் கொடுத்த தேநீரை அருந்திவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்கு என் பாராட்டு.

முதலில் எல்லையைத் தெளிவாக்கிவிடுகிறேன். நடுவர் தம் முன்னுரையில் கூவம் ஆற்றையே எல்லைக்கோடாக வகுத்துத் தந்தார். அந்தக் கணக்கில் சென்ட்ரல் ரயில் நிலையம், அதற்கு எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனை, உயர் நீதிமன்றம், பாரிமுனை, கடற்கரை ரயில் நிலையம் ஆகிய அனைத்தும் வடகரையில் இருக்கின்றன. எதிரணித் தலைவர் தம் பேச்சின் நடுவே எழும்பூரில் எத்தனை நல்ல விடுதிகள் இருக்கின்றன என்று பெருமைப்பட்டார். எழும்பூர் ரயில் நிலையமும் கூவத்துக்கு வடக்கேதான் நிற்கிறது என்பதால், அவர் பட்ட பெருமையை நன்றியோடு எங்கள் அணியின் வரவில் எழுதிக்கொள்கிறேன்.

தலைப்பில் இருக்கும் 'முதன்முறை' என்ற சொல்லை எதிரணி கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் முறை வருகிறவருக்கு எந்தப் பேருந்து எங்கே போகும் என்பது தெரியும், ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்டால் நியாயம் என்பது தெரியும், பத்து கிலோமீட்டர் என்பது இந்த ஊரில் காலை ஒன்பது மணிக்கு எவ்வளவு நேரம் என்பதும் தெரியும். முதன்முறை வருகிறவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. அவர் ரயிலைத் தவறவிடுவார், பேருந்தில் மாறி ஏறுவார், மழையில் மாட்டிக்கொள்வார். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடமே அப்படிப்பட்டவருக்குப் பாதுகாப்பானது. அந்த வசதி சென்னையில் எங்கே மிகுதியாக இருக்கிறது என்று பார்த்தால், விடை சென்ட்ரலைச் சுற்றிய பெரியமேடும் வால்டாக்ஸ் சாலையும் மண்ணடியும்தான்.

1873-இல் திறக்கப்பட்ட சென்ட்ரலின் வாசலில் நின்று பாருங்கள். பக்கத்தில் மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் அரக்கோணத்துக்கும் மின்சார ரயில் புறப்படுகிறது. சாலையைக் கடந்தால் பார்க் நிலையத்தில் தாம்பரம், செங்கல்பட்டு வண்டிகள் நிற்கின்றன. அதன் அருகிலேயே பறக்கும் ரயிலுக்குப் பூங்கா நகர் நிலையம் இருக்கிறது. தரைக்குக் கீழே மெட்ரோவின் நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் சந்திக்கின்றன. 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, விமான நிலையத்தில் ஏறுகிறவர் வண்டி மாறாமலேயே மண்ணடியிலோ தண்டையார்பேட்டையிலோ இந்தத் தேரடியிலோ இறங்கிக்கொள்ளலாம். தென்சென்னையில் இத்தனை வழிகள் ஒன்றுகூடும் ஓரிடத்தை எதிரணி காட்டட்டும். கிண்டியையும் பரங்கிமலையையும் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். நல்ல சந்திப்புகள்தான், மறுக்கவில்லை, ஆனால் வெளிமாநில ரயில்களில் பெரும்பகுதி வந்து நிற்பதும் திரும்பப் புறப்படுவதும் சென்ட்ரலில். ஊருக்குப் போகும் நாளில், பெட்டியோடும் பிள்ளைகளோடும், ரயிலைப் பிடிக்கப் பாதி நகரத்தைக் கடந்து வர வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஒரு முறை ஓடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி கிளாம்பாக்கம். 2002-இல் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குப் போன வெளியூர்ப் பேருந்துகளில் தென்திசைக்கு உரியவை 2023 டிசம்பர் இறுதியிலிருந்து படிப்படியாகக் கிளாம்பாக்கத்துக்குப் போயின. அது உண்மை. ஆனால் இறங்கிய இடத்திலேயே தங்குவது என்றால், அவர் சென்னைக்கு வந்தாரா, சென்னையின் வாசற்படிக்கு வந்தாரா? அங்கே தங்கி நகரத்துக்குள் ஒவ்வொரு நாளும் போய்வருவதைவிட, ஒரே ஒரு முறை அந்தத் தூரத்தைக் கடந்து வந்துவிடுவது மேல். அதற்கும் வழி எளிது. மாநகரப் பேருந்தில் வண்டலூருக்கோ தாம்பரத்துக்கோ வந்து, கடற்கரை என்று எழுதிய மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால் போதும். கடற்கரை நிலையம் அந்த வண்டியின் கடைசி நிறுத்தம் என்பதால், எங்கே இறங்குவது என்று பக்கத்து இருக்கைக்காரரை நச்சரிக்கத் தேவையில்லை; வண்டி காலியானால் இறங்கிவிட வேண்டியதுதான். எதிரே பர்மா பஜார், எட்டு வைத்தால் மண்ணடி. வடக்கேயிருந்து, திருப்பதியிலிருந்தோ நெல்லூரிலிருந்தோ, பேருந்தில் வருகிறவருக்கு 2018-இல் திறந்த மாதவரம் பேருந்து நிலையம் இருக்கிறது. அது எங்கள் பக்கம் என்பதை எதிரணி மறந்தது ஏனோ தெரியவில்லை.

அடுத்து, முதன்முறை சென்னைக்கு வருகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். எதிரணியின் பேச்சைக் கேட்டால், எல்லாரும் கடல் பார்க்கவும் நகை வாங்கவும் மட்டுமே வருவதாகத் தோன்றும். ஊரில் மருத்துவர் கைவிரித்த பிறகு அப்பாவை அழைத்துக்கொண்டு பொது மருத்துவமனைக்கு வருகிற மகன் இருக்கிறான். நிலத்தகராறு மேல்முறையீட்டுக்காக உயர் நீதிமன்றத்துக்கு வருகிற விவசாயி இருக்கிறார். கடைக்குச் சரக்கெடுக்கச் சவுகார்பேட்டைக்கு வருகிற சிறு வியாபாரி இருக்கிறார். மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு வருகிற குடும்பம் இருக்கிறது. இவர்கள் அனைவருக்கும் வேலை வடகரையில். தி.நகரைப் பற்றி எதிரணித் தலைவர் மிக உருக்கமாகப் பேசினார். அந்த நகருக்குப் பெயர் தந்த தியாகராயர் வாழ்ந்தது எங்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கம் என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறேன்.

வெளியூர்க்காரரை வரவேற்பது இந்தப் பகுதிக்குப் புதிய தொழிலும் அன்று. 1782-இல் பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்கு ராயபுரத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடமே பின்னர் மணியக்காரர் சத்திரம் என்று பெயர்பெற்றது. அதையொட்டி வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. இந்தக் கூட்டத்தில் இருக்கும் பெரியவர்களில் பலர் இன்றும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. அன்று முதல் வெளியூர்க்காரர் கால் பதித்த மண் இது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம், வந்திறங்கிய பயணிக்காகவே எழுந்தது. வடநாட்டிலிருந்து வந்த வணிகர்கள் சவுகார்பேட்டையில் தங்கள் ஊர்க்காரருக்காகத் தர்மசாலைகளைக் கட்டினார்கள். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் கடை விரித்ததும் இங்கேதான். அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவை, வாழைத்தண்டு சூப்போடு, கடற்கரை நிலையத்துக்கு எதிரே நின்றபடி சாப்பிடாமல் ஊர் திரும்புகிறவரைப் பார்த்தால் எனக்கு இரக்கமாக இருக்கிறது.

தங்கும் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேச்சு முழுவதும் ஊரைப் பற்றியே போய், படுக்கையைப் பற்றி ஒன்றும் இல்லாமல் முடிந்துவிடக் கூடாது. வெளியூர் ரயில்களில் பல விடிகாலையில் வந்து சேர்கின்றன. ஐந்து மணிக்கு இறங்கிய குடும்பம், மதியம் பன்னிரண்டு மணிக்கு நாள் கணக்கை முடிக்கும் விடுதியில் அறை எடுத்தால், ஏழு மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை தீர்ந்துவிடும். பெரியமேட்டிலும் வால்டாக்ஸ் சாலையிலும் பல பழைய லாட்ஜுகளில் இன்றும் இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு இருக்கிறது. பேரேட்டில் பெயர் எழுதிய நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை அறை உங்களுடையது. பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். பிறகு விடுதிப் பையனோடு மேலே போய் அறையைப் பார்க்க வேண்டும். சன்னல் என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் அது வெளியே திறக்கிறதா அல்லது விடுதியின் உள் நடைக்கூடத்துப் பக்கம் திறக்கிறதா, கதவின் உள் தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்பவற்றைக் கவனித்த பிறகே ஆதார் நகலை நீட்ட வேண்டும். ரயில் பயணச்சீட்டு உறுதியாகியிருந்தால் சென்ட்ரலிலும் எழும்பூரிலும் நிலையத்திலேயே ஓய்வறை பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. கைப்பேசிச் செயலியில் 'சென்ட்ரலுக்கு ஒரு கிலோமீட்டர்' என்று காட்டுவதை நம்பி அறை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த ஒரு கிலோமீட்டர் வரைபடத்தில் நேர்க்கோடாகப் போவது, நடுவே ஆறோ தண்டவாளமோ குறுக்கிட்டால் கால் நடக்கும் தூரம் அதைவிட அதிகம்.

பாதுகாப்பைப் பற்றி எதிரணித் தலைவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் பார்த்த வடசென்னை திரையில் பார்த்தது. அதில் அரிவாள் இல்லாத தெருவே கிடையாது. நான் வசிக்கும் வடசென்னையில், நள்ளிரவு தாண்டியும் பொது மருத்துவமனைக்கு எதிரே தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள், காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடுகிறது, மண்ணடியில் கடை மூடும்போதும் தெருவில் ஆள் இருக்கிறார்கள். புதியவருக்கு அச்சம் தருவது ஆளில்லாத அகன்ற சாலை. வழி கேட்டால் சொல்லவும், தவறான பேருந்தில் ஏறப்போனால் "இது போகாதும்மா, அடுத்தது வரும்" என்று கையைப் பிடித்து நிறுத்தவும் ஒருவர் நிற்கும் தெருவே தனியாக வந்த பெண்ணுக்குத் துணை.

குறைகளை மறைத்துப் பேசுவது வாதமாகாது. வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே போகப் போக விடுதிகள் குறைந்துகொண்டே வருகின்றன; நட்சத்திர விடுதியில் நீச்சல் குளத்தோடு தங்க விரும்புகிறவரை நான் இந்தத் தேரடிக்கு இழுத்துவரப் போவதில்லை. எண்ணூர்ச் சாலையின் கண்டெய்னர் லாரிகளும் மணலிப் பக்கத்துக் காற்றும் எங்களுக்கே பெரிய வருத்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் அந்த வழி அடைபடும். ஆனால் மழை வந்தால் வேளச்சேரி மட்டும் வறண்டு கிடக்கிறதா என்பதை எதிரணியே சொல்லட்டும்.

ஒரு பழைய சாட்சியையும் அழைக்கிறேன். சுந்தரர் இந்தத் திருவொற்றியூருக்கு வந்தார், சங்கிலியாரை மணந்தார், உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியமும் செய்தார். பிறகு வாக்கை மீறி இவ்வூர் எல்லையைத் தாண்டியபோது கண்பார்வை மறைந்தது என்று புராணம் சொல்கிறது. வடசென்னையில் அறையைக் காலி செய்து தென்சென்னைக்குப் போகிறவருக்கெல்லாம் அப்படி நேரும் என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. அந்த அளவுக்கு வழக்கை வளர்க்க எனக்கு நேரம் தரப்படவில்லை. பூம்புகாரின் செல்வத்தை உதறிவிட்டு ஊர் ஊராகத் திரிந்த பட்டினத்தாரும் கடைசியில் தங்கிவிட்ட இடம் இங்கே கடலோரம் இருக்கிறது. சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்த வள்ளலார் வளர்ந்தது ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில். வெளியூரிலிருந்து வந்தவர்களை இந்தப் பகுதி எப்படி வைத்துக்கொண்டது என்பதற்கு இவர்களைவிட வேறு சான்று நான் தேட வேண்டியதில்லை.

மணி அடித்துவிட்டதால் மெரினாவைப் பற்றிய வாதத்துக்கு ஒரே வரியில் பதில் சொல்கிறேன். மெரினாவை மாலையில் ஒரு மணி நேரம் பார்ப்போம், அதற்குப் பாரிமுனையிலிருந்து பேருந்து இருக்கிறது. ஸ்டான்லியின் புறநோயாளிகள் வரிசையிலோ நாள் முழுவதும் நிற்க வேண்டியிருக்கிறது. அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லட்டும்: நடக்க முடியாத தாயைக் காலையில் அந்த வரிசையின் முன்பகுதியில் உட்கார வைக்க நினைக்கும் மகள், தாம்பரத்தில் அறை எடுத்திருந்தால், எத்தனை மணிக்கு அந்தத் தாயை எழுப்ப வேண்டும்? நன்றி, வணக்கம்.