மருத்துவமனைத் தட்டும் முதியோரின் தளர்ச்சியும்

அவையோருக்கு வணக்கம். நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்ட 75 வயதுப் பெரியவர் ஒருவர் காய்ச்சல் தணிந்து வீடு திரும்புகிறார். ஆனால், தானே நடந்து வந்தவரை இப்போது இருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் தளர்ச்சியில் வயதுக்கு மட்டுமல்ல, வார்டில் அவர் சாப்பிடாமல் விட்ட சாப்பாட்டுக்கும் பங்குண்டு.

முதுமைத் தளர்ச்சிக்கு அமெரிக்க முதியோர்நல மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவரது குழுவினரும் 2001இல் ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: தானாக எடை குறைவது, களைப்பு, கைப்பிடியின் வலு குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தால் தளர்ச்சி என்று கொள்ளலாம். நோயற்ற முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்து, அளவான உணவும் தந்து பார்த்த ஆய்வில், அவர்கள் கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தனர். காய்ச்சலும் கிருமித் தொற்றும் தசையை இன்னும் வேகமாகக் கரைக்கும்.

அந்த நேரத்தில் நாம் கொடுப்பதென்ன? ஸ்கேனுக்காகக் காலையில் வெறும் வயிறு, மதியம் ஆறிப்போன கஞ்சி. வலக்கையில் டிரிப்ஸ், பல்செட்டோ வீட்டில். தட்டு அப்படியே திரும்பிப் போவதை யாரும் குறிப்பதில்லை. 50 கிலோ எடையுள்ள நோயுற்ற முதியவருக்கு நாளொன்றுக்கு 60 கிராம் அளவுக்குப் புரதம் தேவை. ஓர் இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். பத்தியம் என்று முட்டையையும் தயிரையும் தள்ளிவைப்பது, என் கருத்தில், பெரும்பாலும் தேவையற்ற தண்டனை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவர்களுக்கும் உணவைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில், ஊட்டக்குறை அபாயம் இருந்த 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. வழக்கமான மருத்துவமனை உணவு பெற்றவர்களில் 30 நாளுக்குள் நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்தனர். உணவியலாளர் ஒவ்வொருவருக்கும் இலக்கு வகுத்துக் கவனித்த பிரிவில் அது ஏழாகக் குறைந்தது. பெரும்பாலும் வாய்வழி உணவாலேயே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, சேர்க்கும் அன்றே எடை பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் காய்ச்சல் அளவுக்குப் பக்கத்தில், தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்பதும் எழுதப்படட்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளோடு உணவும் குறிக்கப்படாமல் இருந்தால், கேட்டு எழுதி வாங்குங்கள்.